பட்டாள லாரிக்கு ஒரு மிதி

லாரியின் முன் சக்கரத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கமாண்டர் சபதம் செய்தார்.

"எழுதி வெச்சுக்கோ. எந்த மெக்கானிக் கையும் இந்த வண்டி மேல படாது. மூணே மாசம். நானே பிரிச்சு, நானே பூட்டி, நானே ஓட்டுவேன். நானே!"

"நாலு நானே ஆச்சு," என்றாள் மனைவி. "நான் கேட்ட வேன் எங்கேன்னு மட்டும் இன்னும் சொல்லல."

கமாண்டர் என்றதும் பட்டாளத்தில் இருந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தண்ணீர் வாரியத்தில் ஸ்டோர் கீப்பர். குழாயையும் வால்வையும் எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, வருகிற போகிற எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றுவதுதான் வேலை. பழைய பட்டாள லாரி ஒன்று கிரேனில் தொங்கியபடி வீட்டு வாசலுக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் வைத்த பெயர் கமாண்டர்.

மனைவி தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மிதி மெஷினைப் போட்டு, இருபது வருடமாக ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கிறாள். தைத்ததைச் சைக்கிள் கேரியரில் மூட்டையாகக் கட்டி, மழையானாலும் வெயிலானாலும் அவளேதான் மிதித்துக்கொண்டு போவாள். முட்டி தேய்ந்தது. சின்னதாக ஒரு வேன் இருந்தால் தேவலை என்று சிறுகச் சிறுகச் சேர்த்தாள். பழைய வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று தெரிந்து புருஷனை அனுப்பினாள். அனுப்பியது அவள் தப்பு. ஏலம் கூவியவன் கையைத் தூக்கினான். இவர் கையும் தூக்கிக்கொண்டது. ஏன் தூக்கியது என்று அந்தக் கையைத்தான் கேட்க வேண்டும்.

"சின்ன வேன் கேட்டேன்," என்றாள்.

"இதுக்குள்ள நாலு வேன் அடங்கும்."

"இவ்வளவு உசரம் எதுக்கு?"

"ஆத்துக்குள்ள இறங்கினாக்கூட இஞ்சின்ல தண்ணி ஏறாது. தெரியுமா?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஆறு எதுவும் இல்லையே."

"இனிமே வந்தா?"

அவள் உள்ளே போய் லைட்டைப் போட்டாள். பகல் பதினொரு மணிக்கு. லாரி சரியாகத் தையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. வெயிலில் வெள்ளைத் துணி தைத்துப் பழகிய கண், அன்றிலிருந்து மஞ்சள் பல்பின் கீழ் ஊசிக் காதைத் தேடியது.

லாரியின் ஸீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பச்சை அட்டை போட்ட தடிப் புத்தகம். வண்டியைப் பராமரிப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தது.

"இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்கலாமே?"

"புத்தகத்தைப் பாத்து ரிப்பேர் பண்றவன் என்ன மெக்கானிக்? கை பேசணும். உன் மெஷினுக்கு ஒரு கால் ஆடுதுன்னியே, அதுக்கு அண்டக் குடு. கரெக்டா இருக்கும்."

கரெக்டாகத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். மனுஷர் உழைத்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் காக்கி பேண்டை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனால், கால் மட்டும்தான் வெளியே தெரியும். டீ வேண்டுமானால் அந்தக் கால் ஆடும். டீசல் டாங்கிக்குள் ஒரு சங்கிலியைப் போட்டு, டாங்கியைத் தரையில் உருட்டி உருட்டித் துரு எடுத்தார். வெடித்துப்போன ரப்பர் ஹோஸ் அத்தனையையும் மாற்றினார். கிரீஸ் அடிக்கும் இடங்கள் நாற்பத்தொன்று. எண்ணி, நோட்டில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் கிரீஸ் அடித்தார். பாதி வண்டிக்குப் போனது, பாதி அவள் துவைத்த தலையணை உறைக்கு வந்தது.

ஒவ்வொரு வெற்றிக்கும் உள்ளே வந்து அறிவிப்பு.

"ஹெட்லைட் எரியுது!"

"நல்லது. ஜன்னல் பக்கமாத் திருப்பி வைங்க. நூல் கோக்கறேன்."

பத்தாவது வாரம் இஞ்சின் கிளம்பியது. முதலில் இருமல். பிறகு கனைப்பு. பிறகு வீடே அதிர ஒரு முழக்கம். கரும்புகை கிளம்பி, டிரைவர் அண்ணன் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டி ஆனது. கமாண்டர் நிமிர்ந்து நின்று இஞ்சினுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

கியரைப் போட்டார். கர்ர்ர் என்று ஊரைக் கூட்டிவிட்டுத்தான் விழுந்தது. வண்டி குலுங்கியது, முனகியது, நின்ற இடத்திலேயே நின்றது.

"நகரலையே மாப்ள!" என்றார் டிரைவர் அண்ணன் சுவருக்கு அப்பாலிருந்து.

"நிக்கிறதுலயும் ஒரு கம்பீரம் இருக்கு பாத்தீங்களா?"

இடப்பக்கத்துப் பின்சக்கரத்தில் பிரேக் இறுகிப் பிடித்திருந்தது. வருஷக்கணக்கில் நின்ற வண்டி. சக்கரத்தைக் கழற்றினால்தான் பிரேக்கைத் தொட முடியும். எட்டு நட்டு. என்ன பெரிய விஷயம்? வலப்பக்கத்துச் சக்கரங்களை ஒரே மாலையில் கழற்றி மாட்டியவர் ஆயிற்றே.

முதல் நாள் ஸ்பேனர் போட்டார். அசையவில்லை. இரண்டாம் நாள் ஸ்பேனர் பிடியில் ஆறடிக் குழாயைச் செருகி மிதித்தார். மூன்றாம் நாள் அதன் மேல் ஏறி நின்றார். நான்காம் நாள் ஏறிக் குதித்தார். ஐந்தாம் நாள் டிரைவர் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு குதித்தார். அண்ணன் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவர், அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். கமாண்டர் மண்ணெண்ணெய் ஊற்றினார். வைதார். கொஞ்சினார். ஒன்பதாம் நாள் குதித்ததில் பட் என்று ஒரு சத்தம். ஒரு போல்ட் தலையோடு முறிந்து ஓடிப்போய்க் கிணற்றடியில் விழுந்தது. மிச்சம் ஏழு, முன்னைக்கு இப்போது இன்னும் இறுக்கமாகத் தெரிந்தது.

இந்த மூன்று மாதக் களேபரத்தில் வீட்டில் நடந்த இரண்டு விஷயங்கள் அவர் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஒன்று, அவள் தினமும் காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் கிளம்பினாள். கேரியரில் மூட்டை இல்லை.

"எங்க?"

"பட்டன் வாங்க."

படுக்கை விரிப்புக்குப் பட்டன் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்று, தையல் மெஷினின் சத்தம் மாறியிருந்தது. இருபது வருடமாகத் தடதடவென்று ஒரே ஓட்டமாக ஓடிய மிதி, இப்போது அவ்வப்போது நின்று, தடக்... தடக் என்று இரண்டு தடவை அழுந்தியது.

"மெஷினுக்கு எண்ணெய் போடும்மா. சிக்குது."

"போட்டுடறேங்க."

போல்ட் முறிந்த வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். புது வார்டு திறக்கிறார்கள். விரிப்பு முந்நூறு, உறை முந்நூறு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் மொத்தமாக வந்து சேர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார். அதற்கப்புறம் வார்டுத் துணி முழுக்க அவருக்குத்தான். இருபது வருட வேலை கைவிட்டுப் போகும். சைக்கிளில் என்றால் பதினைந்து நடை. முட்டி ஐந்தாவது நடைக்கே உட்கார்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் டீயோடு வந்தாள். வண்டிக்கு அடியில் கால் ஆடவில்லை. ஆள் சக்கரத்தில் சாய்ந்து, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் கழட்டட்டுமா?"

கமாண்டர் சிரித்தார். ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"நீயா? ரெண்டு ஆம்பளைங்க ஏறிக் குதிச்சே வரல."

"ஒரு கால் போதும். கழட்டிட்டா?"

"கழட்டிட்டா, இந்த வண்டியோட முதல் சவாரி உன் மூட்டைக்குத்தான். நீ சொல்றபடி. யார் எங்க உக்காரணும்கிற வரைக்கும் நீ சொல்றபடி!"

"அண்ணே, கேட்டீங்களா?"

"கேட்டேன் தங்கச்சி," என்றது சுவர். "நான் சாட்சி. மாப்ள, பேச்சு மாறக் கூடாது."

அவர் ஸ்பேனர் பிடியை எப்போதும் இடப்பக்கம் நீட்டி வைத்துத்தான் மிதிப்பார். அவள் எடுத்து வலப்பக்கம் நீட்டி வைத்தாள். குழாயைச் செருகினாள். இருபது வருடம் மெஷின் மிதித்த வலது காலை அதன் நுனியில் வைத்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு மிதி.

கிரீச்.

நட்டு கழன்றது.

"மறுபக்கம் திருப்பறே!" என்று கத்தினார் கமாண்டர். கத்தி முடிப்பதற்குள் இரண்டாவதும் கழன்றது.

"என் சைக்கிள்ல இடது பெடல் எந்தப் பக்கம் திருப்பினா கழலும்?"

அந்தச் சைக்கிளை அவர் இருபது வருடத்தில் துடைத்தது கூட இல்லை.

"மத்த நட்டெல்லாம் ஒரு பக்கம் கழலும், அது மட்டும் எதிர்ப்பக்கம். ஓட ஓடத் தானாக் கழண்டுடக் கூடாதுன்னு மரையை மாத்தி வெட்டியிருக்காங்க. இந்த வண்டியில இடப்பக்கச் சக்கரம் எல்லாத்துக்கும் அதே மாதிரிதான். நீங்க ஒன்பது நாளா இறுக்கிட்டு இருந்தீங்க."

"இது... உனக்கு எப்படி..."

"மெஷின் காலுக்கு அண்டக் குடுத்தீங்களே, அதுல முப்பத்திரெண்டாம் பக்கம்."

சுவருக்கு அப்பால் ஒருவர் இருமுவது போல் நெடுநேரம் சிரித்தார்.

ஆனால் கமாண்டர் கமாண்டர்தான். துவண்டு போகிற ஆள் இல்லை. சக்கரம் கழன்றது போதாதா? மறுநாள் லீவு போட்டார். பிரேக்கைப் பிரித்தார், துருவைச் சுரண்டினார், ரப்பரை மாற்றினார், முறிந்துபோனதற்குப் புது போல்ட் போட்டார். வியாழக்கிழமை மாலை சக்கரம் விரலால் தள்ளினால் சுற்றியது. "நானே!" என்றார், கொஞ்சம் மெதுவாக.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. தெருவே வாசலில். மூட்டைகள் பின்னால் ஏறின. கமாண்டர் தலைவாரி, காக்கித் தொப்பி வைத்து, டிரைவர் ஸீட்டில் ஏறி அமர்ந்தார்.

டிரைவர் அண்ணன் கதவருகே வந்தார்.

"மாப்ள, லைசென்ஸ்?"

"இருக்கே!"

"எடுங்க பாப்போம்."

அண்ணன் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். ரிட்டயர் ஆனபின் லாரி, பஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சி கொடுப்பவர். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"ஸ்கூட்டர். கார். அவ்வளவுதான் போட்டிருக்கு. இது லாரி மாப்ள. இதுக்குத் தனி லைசென்ஸ். மூணு மாசமாப் பிரிச்சுப் பூட்டினீங்களே, அதை எடுக்கலையா?"

கமாண்டரின் தொப்பி ஒரு அங்குலம் இறங்கியது. நாற்பத்தொரு இடத்துக்குக் கிரீஸ் அடித்தார். நோட்டில் எல்லாம் ஏற்றினார். இந்த ஒன்று ஏறவில்லை.

"அப்ப... யார் ஓட்டறது?"

அவள் கத்தரிக்கோல் பையைத் திறந்தாள். இஞ்ச் டேப்பை எடுத்தாள், சாக்கட்டியை எடுத்தாள், அதற்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். புத்தம் புதுசு. லாரி ஓட்ட லைசென்ஸ். போட்டோவில் அவள், சிரிக்காமல்.

"எப்ப?"

"பட்டன் வாங்கப் போனேன்ல?"

"முதல் தடவையே பாஸ்," என்றார் அண்ணன் பெருமையாக. "நம்ம ஸ்கூல்ல இது வரைக்கும் ஆம்பளைங்ககூட மூணு தடவை போயிருக்காங்க."

"இந்த வண்டி உனக்குக் கேக்காதும்மா," கமாண்டர் கெஞ்சினார். "பழைய கியர். எனக்கே கர்ர்ருங்குது."

"கிளட்சை ஒரு தடவை மிதிச்சா அப்படித்தான் கத்தும். நியூட்ரலுக்கு ஒரு மிதி, கியருக்கு ஒரு மிதி. ஐம்பத்தேழாம் பக்கம். இறங்குங்க."

தடக்... தடக். மெஷினில் கேட்ட அந்தச் சத்தம் அவருக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

இறங்கினார். சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவுக்குப் போனார். அங்கே டிரைவர் அண்ணன் ஏறி அமர்ந்திருந்தார். முதல் நாள், பக்கத்தில் பழக்கின ஆள் வேண்டுமாம். அண்ணன் மடியில் பாதியும் ஸீட்டில் பாதியுமாகத் தலையணை உறை மூட்டை. வெள்ளை, புழுதி படக் கூடாதாம்.

"நான் எங்க உக்கார்றது?"

"யார் எங்க உக்காரணும்னு நான்தானே சொல்லணும்?" அவள் பின்பக்கம் கையைக் காட்டினாள். "ஏறினதும் பின்பலகையை மாட்டிக்கோங்க."

தடக், தடக். ஒரு சத்தம் இல்லாமல் கியர் விழுந்தது. பட்டாள லாரி மெல்ல நகர்ந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு தையலறை ஜன்னலில் வெயில் அடித்தது. தெருவில் யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்ற கமாண்டருக்கு மார்பு விம்மியது. என்ன இருந்தாலும் அவர் பூட்டிய வண்டி அல்லவா? அவர் தட்டிய பிரேக், அவர் கழுவிய டாங்கி. தெரு முனை வரை சல்யூட் வைத்த கையை இறக்கவில்லை. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், எதற்கும் வண்டி முனகக்கூட இல்லை.

ஒன்பதே காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. கேட்டில் இருந்தவர் எழுந்து வந்து, ஓட்டி வந்தவளைப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக வணக்கம் சொன்னார். பிறகு நோட்டைப் பிரித்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். கமாண்டருக்கு மனசு நிறைந்தது. இது நம்ம வேலை, நமக்குத் தெரிந்த இடம். நிமிர்ந்து நின்று, தொப்பியைச் சரிசெய்து, கணக்குச் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

அவர் செருமி முடிப்பதற்குள் கேட்காரர் எண்ணி, நோட்டில் ஏற்றி, உரக்கப் படித்தும் முடித்துவிட்டார்:

"விரிப்பு முந்நூறு. உறை முந்நூறு. மூட்டை இறக்குற ஆள், ஒண்ணு."