ஒரு டக் என்றால் ஆமாம்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரையை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். அத்தை அங்கேதான் இருந்தார், முன் இருக்கையில், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. ஒரு மாதமாக இதுதான் வழக்கம்.

அத்தை என் மனைவியின் அம்மா. கார் என் மனைவி ஓட்டியது. வண்டிக்கு வயது நாற்பத்தாறு. மனைவிக்கு இருபத்தொன்பது. வண்டி இன்னும் இருக்கிறது.

“மாத்திரை, அத்தை.”

“இன்னைக்கு அவகிட்டக் கேட்டுடலாம் மாப்பிள்ளை. என் மேல கோவமா இருக்காளான்னு.”

மனைவி ஆஸ்பத்திரியில் இறந்தபோது அத்தை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நாற்பது நிமிடம் தாமதம். அன்றிலிருந்து அந்த நாற்பது நிமிடத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறார். வேறு எதையும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மகள் ஆசைப்பட்ட நிறம் என்று வண்டிக்கு இளநீலம் அடிக்கக் கொடுத்தார். பெயிண்டரே ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். பளபளப்பில் முகம் பார்க்கலாம். மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மெக்கானிக் பாட்டரியை மாற்றினார். டக். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தார், சீறிக்கொண்டு சுற்றியது. திரும்ப வண்டியில் மாட்டினார். டக்.

“மோட்டார்ல குத்தம் இல்ல சார். இது நம்ம கைக்கு அடங்காத விஷயம்,” என்று ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

ஸ்டார்ட்டர் சாமியின் விலாசம்.

பழைய வண்டிக்குள் இறந்தவர்கள் தங்கிவிடுவார்களாம். சாமி கேட்டால் பதில் சொல்வார்களாம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனபோது தெருமுனை வரை இழுத்துவந்த கார்களின் வரிசை நின்றது. சொந்தக்காரர்கள் எல்லாம் படித்த கூட்டம். பல் டாக்டர், வக்கீல், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. வாரம் தவறாமல் பழைய கார்களுக்கு மெழுகு போட்டுத் துடைப்பவர்கள். பானெட்டைத் திறந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள்.

“உங்க வண்டில யாரு?” என்றார் அதிகாரி, பஸ்ஸில் இடம் கேட்பதுபோல.

“என் மனைவின்னு சொல்றாங்க.”

“என் வண்டில எங்கப்பா. உயிரோட இருந்தப்பகூட என்கிட்ட இவ்வளவு பேசினதில்ல.”

சாமியின் கொட்டகை பெயிண்ட் கடைக்கு அடுத்தது. எங்கள் வண்டிக்குப் பெயிண்ட் அடித்த அதே கடை. பெயிண்டர் சாமிக்கு மச்சான். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. வசதி என்றார்கள். யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சாமி வெள்ளை உடையில் வந்தார். ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. கழுத்தில் செம்புக் கம்பிகளைப் பின்னிய சடை, மணிக்கட்டுப் பருமன். ஒரு டக் என்றால் ஆமாம், இரண்டு டக் என்றால் இல்லை என்று விளக்கினார். ஆத்மா பதில் சொல்வதற்கு வசதியாக மச்சான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைப் பிடித்துக்கொண்டார். ஆத்மாவுக்குக் கை இல்லை அல்லவா.

“அம்மா வந்திருக்காங்க. தெரியுதாம்மா?”

டக்.

“மனசுல குறை இருக்கா?”

டக்.

“கடைசி நேரத்துல அம்மா பக்கத்துல இல்லைன்னா?”

டக்.

அத்தை பம்பரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “வந்துட்டே இருந்தேன்டி. பஸ்ஸு நகரவே இல்லடி.” கூட்டத்தில் மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

“குறை தீரணும்னா இந்த வண்டி உங்க வீட்டுக்குத் திரும்பக் கூடாது. என்கிட்ட இருக்கட்டும். பாப்பாவே சொல்லட்டும்.” சாமி சடையைக் கழற்றினார். ஒரு முனையை இன்ஜின் மேல் அழுத்திக் கவ்வவிட்டார், மறுமுனையைப் பாட்டரியின் மைனஸ் முனையில். “சம்மதமாம்மா?”

மச்சான் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. இப்படிச் சம்மதித்த வண்டிகள் பின்கட்டில் பதினொன்று நின்றன. முக்தி அடைந்த பிறகு அவை கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய்வந்தன.

அத்தை வண்டியின் பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்தார்.

நான் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். மனைவி போன இந்த மூன்று மாதமாக வீட்டில் அதை மறந்திருந்தேன்.

“இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க,” என்றேன். “எல்லாம் அப்படியே. சடைக்கும் பாட்டரிக்கும் நடுவுல மட்டும் ஒரு தாள் வெச்சு.”

“ஆத்மாவைச் சோதிக்கக் கூடாது.”

“ஆத்மாவைச் சோதிக்கல. தாளைத்தான்.”

“வெச்சுப் பாருங்களேன் சாமி,” என்றார் பல் டாக்டர். “சாவையே தாண்டி வந்தவங்க. ஒரு பேப்பரைத் தாண்ட மாட்டாங்களா?”

அதிகாரி தன் நாளிதழை நீட்டினார். மச்சான் இன்ஜினை அணைத்தார். தாளை மடித்து நடுவில் வைத்தேன். சாவி திரும்பியது.

டக்.

மறுபடி. டக்.

“பேப்பர்ல கொலை, விபத்துன்னு இருக்கு. அதான் பயப்படுறா,” என்றார் சாமி.

“சரி. ராசிபலன் பக்கத்தை வைப்போம்.”

டக்.

முதலில் சிரித்தது வக்கீல். அதற்குப் பிறகு கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அதிகாரியின் டிக்கியில் பாட்டரிக்குப் போடும் தடித்த ஒயர் இருந்தது. சடை இருந்த இடத்தில் அதைப் போட்டேன். வண்டி உறுமியது. மூன்றாம் தரக் கறுப்பு ஒயருக்கும் என் மனைவி சம்மதித்துவிட்டாள்.

அணைத்தேன். ஒயரைக் கழற்றினேன். மச்சானை இறங்கச் சொல்லிவிட்டு அத்தையை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன்.

“நீங்களே கேளுங்க அத்தை.”

அத்தை சாவியைப் பிடித்தார். “அம்மா மேல கோவமாடி?”

டக். டக்.

இல்லை என்று பதில் வந்தாயிற்று. சந்தோஷப்படலாம். அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு தடவை திருப்பினது நான்தானே, மாப்பிள்ளை.”

“ஆமா அத்தை.”

“அப்ப, முன்னாடி திருப்பினது அவன்.”

“ஆமா.”

அத்தை பத்திரத்தைப் பைக்குள் வைத்தார்.

பிறகு நடந்தது எளிது. இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒரு தடித்த எர்த் ஒயர் போகும். ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஒயர் இருந்தது. அதன் அடியில், போல்ட் உட்காரும் இரும்பில், அழகாக இளநீலம் மூன்று பூச்சு. பெயிண்டில் மின்சாரம் போகாது. சின்ன விளக்கு எரியும், டக் என்று சத்தம் வரும், மோட்டார் மட்டும் சுற்றாது. அன்று பெயிண்டர் சடையைப் போட்டு ஸ்டார்ட் செய்துதான் வீட்டுக்கு ஓட்டிவந்திருப்பார். பெயிண்ட் கடையிலிருந்தே உப்புத்தாள் எடுத்து இரும்பு தெரியத் தேய்த்தேன். போல்ட்டை முறுக்கினேன். சடை இல்லாமல், ஒயர் இல்லாமல், சாமி இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆனது.

அடுத்த நொடி வரிசையில் இருந்த எல்லா பானெட்டும் திறந்தன. சொந்த வண்டியின் வயிற்றை முதன்முதலாக எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு, பச்சை, கிரீம். எல்லாம் அதே இடத்தில், அதே மூன்று பூச்சு.

“எங்கப்பா பெயிண்டுக்குள்ளயா இருந்தாரு?” என்றார் அதிகாரி.

“எனக்கு ஒண்ணும் தெரியாது! இவன்தான் அங்க அடிக்கச் சொன்னான்!” என்றார் மச்சான்.

“வாயை மூடுடா!” என்றார் சாமி. வெள்ளை உடையில் முதல் கிரீஸ் கறையை வைத்தது பல் டாக்டரின் கை. பின்கட்டில் முக்தி அடைந்திருந்த பதினொன்றின் சொந்தக்காரர்களுக்கு வக்கீல் போன் போட ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒருவர் மட்டும் என் பக்கம் வந்து, தன் வீட்டு மோட்டார் பம்பும் ஓடவில்லை, நான் ஒரு நடை வந்து கை வைக்க முடியுமா என்று பயபக்தியோடு கேட்டார். உப்புத்தாளை அவர் கையில் கொடுத்தேன்.

நான் ஓட்டினேன். அத்தை பக்கத்து இருக்கையில். மூன்றாவது சிக்னலில் என் பக்கம் திரும்பினார்.

“அவ பேசினதா ஊரே சொல்லுது. கூட இருந்தது நீங்கதான். கடைசியா நிஜமா என்ன சொன்னா, மாப்பிள்ளை?”

இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் நீட்டிய படிவங்களில் காட்டிய இடத்திலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்படியே அத்தையிடம் சொன்னேன்:

“எல்லாத்துக்கும் தலையாட்டாத. ஏன், எதுக்குன்னு கேளு.”