லயத்தில் ஒரே ஒரு புகை

வயிறு நிறைந்திருக்கும்போது நான் நல்ல புரட்சிக்காரி. பசி வந்துவிட்டால் எந்தப் போராட்டத்துக்கும் ஆகாதவள்.

பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு, அப்புத்தளைப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். வாயைத் திறந்தால் முதலாளித்துவம்தான் (அம்மா அதை ஏதோ வியாதி என்றே நினைத்திருந்தார்). வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்துப் பெண்களைக் கூட்டி வைத்து விளக்கினேன். ஆண்கள் மதியத்தோடு மலைவேலையை முடித்துவிட்டு வந்து படுத்துவிடுகிறார்கள். நீங்களோ அந்தி வரை கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பையும் மூட்டுகிறீர்கள். அந்தச் சோறு இல்லாவிட்டால் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆளே வராது, தோட்டமே நின்றுவிடும். ஆனால் அதற்கு ஒரு சதம் கூலி உண்டா?

தலையாட்டிவிட்டுக் கலைந்து போவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ ஞாயிற்றுக்கிழமையே ஸ்ட்ரைக் என்று முடிவு செய்துவிட்டார்கள். முதலில் வீடு திரும்பும் ஆண்கள்தான் இனி இராச் சமையல் செய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளும் வரை பெண்கள் யாரும் அடுப்புப் பக்கம் போவதில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் பேக்கரிப் பாண். ஒரு பெண் இறங்கிவந்தாலும் காரியம் கெட்டுவிடும் என்று அம்மா எல்லோரையும் எச்சரித்தார்.

அப்பா எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவரையாவது சமைக்கச் சொன்னேன்.

“ஸ்ட்ரைக் நடக்குற எடத்துல நான் போயி வேல செஞ்சா அது கருங்காலித்தனம் புள்ள,” என்று கொள்கையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

பெண்கள் கோயில் முற்றத்தில் போய் உட்கார்ந்தார்கள். எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. பிற்பகல் வரை பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கண்ணில் கோதுமை மாவு மட்டும்தான் தெரிந்தது. ஒரே ஒரு ரொட்டி, யாருக்குத் தெரியப்போகிறது?

விறகு ஈரம். சுத்தமாகக் கிடந்த லயத்துக் கூரை வரிசையில் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் புகை குபுகுபுவென்று கிளம்பியது. கோயிலிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஆண்கள் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா எழுந்து வந்து என் கையிலிருந்த மாவைப் பார்த்தார்.

“எத்தன ஸ்ட்ரைக்கு நடத்தியிருப்பேன். என் வீட்டுலயே ஒரு கருங்காலியா?”

வெட்கத்தில் எனக்குப் பசியே போய்விட்டது. அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். தலைமைப் பதவியிலிருந்து என்னை அங்கேயே நீக்கினார்கள். ஆண்கள் சிரித்த சிரிப்பில் பெண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. நானில்லாமலே ஸ்ட்ரைக் மறுநாளும் தொடர்ந்தது. திங்கட்கிழமை மாலை, கொள்கையைச் சுருட்டி வைத்துவிட்டு அப்பா மாவு பிசைந்தார். தலைவரே பிசைந்த பிறகு மற்ற ஆண்கள் எங்கே போவார்கள்?

இப்போது எனக்குப் பதுளையில் வேலை. ஊருக்குப் போகும்போது லயத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும், பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் அம்மா சொல்வார்:

“மொதல்ல இவளுக்கு ரெண்டு ரொட்டியக் குடுத்து ஒக்கார வைங்க.”

அடுப்படியிலிருந்து அப்பா கொண்டுவந்து கொடுப்பார்.