முழத்துக்கு ஒரு முத்திரை

அறையில் இருந்தவர்கள்: கத்தியோடு தரையில் அவன், கதவோரம் அவன் மனைவி, கட்டிலில் காலாட்டியபடி மச்சினன், நடுவே மூட்டைப் பருமனுக்கு ஒரு சுருள் பழைய கறுப்பு வயர். வாங்கி வந்தவன் மச்சினன். உரித்துச் செம்பை எடுப்பவன் அவன்.

பாதி உரித்தபோது கட்டைவிரல் பட்டு அழுக்கு விலகியது. வெள்ளை எழுத்து தெரிந்தது: மின்சார அலுவலகச் சொத்து. முழத்துக்கு ஒன்று.

அவன் இரவுத் திருட்டை விட்டு நின்றவன். பகலில் பயப்படுவது அவனுக்குப் புதிது.

"யார்கிட்டடா வாங்கின?"

"தெரிஞ்சவர்தான் மாமா." மச்சினனின் கால் ஆட்டம் நின்றது.

செம்பில் எழுத்து ஏது என்று மிச்சத்தையும் வெறி பிடித்தவன்போல் உரித்தான். செம்பு ஊமையாகிவிட்டது. ஆனால் தரை முழுக்கத் தோல், தோல் முழுக்க எழுத்து.

கொல்லையில் கொளுத்தினான். கரும்புகை கிளம்பியது. யாரை எரிக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள். மனைவி பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். எரிந்தது கொஞ்சம்தான். மீதி குளித்து வந்ததுபோல் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

அள்ளித் தலையணை உறைக்குள் திணித்துக் கட்டிலில் வைத்தார்கள். தலையணையிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

யாரோ கதவைத் தட்டினார்கள். மச்சினன் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டான்.

வந்தவர் லைன்மேன். சட்டைப் பையில் மின்சார அலுவலக அட்டை தொங்கியது.

"இங்க ஒரு சுருள் வயர் வந்துச்சாமே?"

அவனுக்குச் சிறைக் கம்பி கண்முன் வந்தது. தெரியாமல் செய்துவிட்டதாகச் சொன்னான். மனைவி கைகூப்பிக் கெஞ்சினாள்:

"செம்பு குன்றிமணி குறையல சார். எடுத்துட்டுப் போயிடுங்க."

லைன்மேன் செம்பை எடுக்கவில்லை. சொட்டும் தலையணையைப் பிரித்தார். ஒரு தோலை உருவிச் செம்பின்மேல் சுற்றிப் பார்த்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இதைத் திருப்பி ஒட்ட முடியுமா?"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் வாசலில் ஜீப் நின்றது. மனைவி ஜன்னல் வழியே பார்த்து, போலீஸ் என்றாள்.

லைன்மேன் முகத்தில் ரத்தமில்லை. குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளிருந்து ஒரு கை நீண்டு அவர் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அவனும் பின்னாலேயே ஓடினான்.

"வித்தவருக்கும் வாங்கினவனுக்குமே இடம் பத்தல மாமா," என்றான் மச்சினன்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.