எதிர்க்கட்சி எழுந்திருக்க மறுத்த நாள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் மனைவியும் நலம் என்றே நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதுவதற்குக் காரணம், அவள் நான்கு நாட்களாக என்னோடு பேசுவதில்லை. அங்கே நீங்களும், நீங்கள் கட்டுகிற பாலமும், அதன் கீழே ஓடுகிற ஆறும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த மலைக்குள் தொலைபேசி எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் நிறுத்தியவன் நான். வீட்டில் மணி அடிக்க ஆள் இல்லை.

பேசுவதில்லை என்றால் எப்படி என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். நடுவில் ஒரு தண்ணீர்க் குவளை. அவள் அடுப்படியைப் பார்த்து, "அம்மா, அப்பாவைத் தண்ணிய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்கிறாள். உங்கள் அத்தை அங்கிருந்து, "ஏங்க, தண்ணிய அந்தப் பக்கம் தள்ளுவீங்களாம்" என்கிறாள். நான் தள்ளுகிறேன். "தேங்க்ஸ்னு சொல்லும்மா" என்கிறாள் மகள். ஒரு குவளை தண்ணீருக்கு மூன்று பேர் வேலை செய்கிறோம். இதை எப்படியாவது தீர்த்துவைக்க நீங்கள் அவளுக்கு நாலு வரி எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நாடாளுமன்றத்தின் புதிய கூட்டத்தொடர் தொடங்குகிறது, தொடக்க விழாவின் ஒழுங்குகள் எல்லாம் முதல் முறையாக உங்கள் மனைவியின் பொறுப்பு, வெள்ளிக்கோலை ஏந்தி ஊர்வலத்தின் முன்னால் நடக்கப் போவதும் அவள்தான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒத்திகை. விழாவுக்கு முன்னால் அந்த மன்றத்தில் அப்படியே ஒரு பொய் விழா நடக்கிறது, மாப்பிள்ளை. உறுப்பினர்களுக்குப் பதில் அந்த வளாகத்தில் வேலை செய்கிறவர்கள் வந்து உட்காருகிறார்கள். தட்டச்சர்களும் கேன்டீன்காரர்களும் ஆளுங்கட்சி. டிரைவர்கள் எதிர்க்கட்சி. தோட்டக்காரர்கள் சுயேச்சைகள். கதவு திறப்பது, மைக் போடுவது, வாத்தியம் ஊதுவது எல்லாம் நிஜம் போலவே. நடுவில் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யும் அல்லவா, அதற்கும் ஒத்திகை உண்டு. உங்கள் மனைவி பக்கவாட்டுக் கதவருகே நின்று கையைத் தூக்குவாள். உடனே டிரைவர்கள் எழுந்து, கோபமாக இரண்டு வார்த்தை கத்திவிட்டு, வரிசையாக வெளியே போக வேண்டும். கோபம் கூட வரிசையாகப் போவதற்கு ஏற்பாடு வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ஒத்திகையில் வருடா வருடம் தொடக்க உரை படிக்கிற நாட்டுத் தலைவராக உட்காருகிற கணக்கருக்கு இந்த முறை தொண்டை கட்டிக்கொண்டது. ஒத்திகை அன்று காலையில் மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, நாற்பது நிமிஷம் நிறுத்தாம பேசணும். உங்களால முடியுமா?"

"நாற்பது நிமிஷமா? அது ஒரு பீரியடுதானேம்மா."

உங்கள் அத்தை துணி மடித்துக்கொண்டே, "அவரைக் கூட்டிட்டுப் போகாதேடி. ஆரம்பிச்சு வைக்கிறது சுலபம். நிறுத்துறதுக்குத் தனியா ஆள் போடணும்" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். அப்போது சிரித்தது தப்பு.

உண்மையான உரையை அன்றைய தினம் வரை யாருக்கும் காட்ட மாட்டார்களாம். அதனால் என் கையில் தோலுறை போட்ட தடித்த கோப்பைக் கொடுத்தார்கள். திறந்தால் உள்ளே வெள்ளைத் தாள். "சும்மா ஏதாவது பேசுங்கப்பா. நேரம் சரியா வந்தாப் போதும்" என்றாள். ஆசிரியனிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து ஏதாவது பேசு என்று சொல்வது, உதாரணமாக, ஆற்றைப் பார்த்து உனக்குப் பிடித்த பக்கம் ஓடு என்று சொல்வது போல. உங்கள் தொழிலில் இதன் ஆபத்து உங்களுக்கே தெரியும்.

நான் உள்ளே போனதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, மாப்பிள்ளை. தரைவிரிப்பு அவ்வளவு தடிமன். என் காலடி எனக்கே கேட்கவில்லை. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது. மேலே கண்ணாடிக் கூரை. அதிலிருந்து வெயில் வடிகட்டிய பால் மாதிரி இறங்கியது. அந்த வெளிச்சத்தில் தூசுகள் ஒன்றையொன்று இடிக்காமல், முன்கூட்டியே ஒத்திகை பார்த்தவை போலச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வகுப்பில் எழுந்து நிற்பார்கள்தான், ஆனால் பெஞ்சு சத்தம் போடும், யாராவது பின்னால் இருமுவார்கள். இங்கே சத்தமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என்னை மெல்ல விழுங்கியது. மைக் சிவப்பாகக் கண் விழித்தது. "என் அரசு..." என்று ஆரம்பித்தேன். குரல் என்னிடமிருந்து புறப்பட்டு, கூரையைத் தொட்டு, யாரோ பெரிய மனிதருடைய குரலாகத் திரும்பி வந்தது. அதைக் கேட்டதும் எனக்கே அந்த மனிதர்மீது நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் பொதுவாகத்தான் பேசினேன். மழை பெய்யப்போகும் நேரத்தை என் அரசு முதல் நாளே வீட்டுக்கு வீடு சொல்லியனுப்பும், கொடியில் துணி காய்ந்த பிறகே மழை அனுமதிக்கப்படும் என்றேன். மத்தியானத்தில் தூங்குகிறவர்களை எழுப்புவது தடை செய்யப்படும் என்றேன். ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. தட்டச்சர்கள் அல்லவா, பத்து விரலாலும் தட்டினார்கள். பிறகு முன்வரிசையில் கேன்டீன் அக்கா கண்ணில் பட்டார். காலையிலிருந்து நின்றுகொண்டே தேநீர் ஊற்றுகிற அம்மாள், உட்கார இடம் கிடைத்ததும் செருப்பைக் கழற்றி ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு ஓர் உதாரணம் வேண்டுமே என்று, தேநீர் ஊற்றுகிறவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் தருவது என் அரசின் முதல் கடமை என்றேன். அதற்கு எழுந்த சத்தத்தில் தூசுகள் எல்லாம் இடம் மாறின.

அதற்கப்புறம் நான் எங்கே நிறுத்துவது? தோட்டக்காரர்களுக்கு மண்வெட்டி வைக்கிற கொட்டகையில் ஒரு கூரை. தட்டச்சர்களுக்கு வெளியே பார்க்க ஒரு ஜன்னல். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், முகத்திலேயே அவரவர் குறை எழுதியிருந்தது, வாசித்தேன். அவ்வளவுதான். கனவில் மாடிப்படி இறங்கினால் படி தானாகக் காலுக்கடியில் வருமே, அந்த மாதிரி சொல் வந்துகொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவருகே ஒரு கை உயர்ந்தது. இங்கேதான் மாப்பிள்ளை, நான் செய்த தவறு. இத்தனை வருடம் வகுப்பில் நின்றவனுக்கு உயர்ந்த கை என்றால் ஓர் அர்த்தம்தான். "சந்தேகங்களைக் கடைசியில் கேட்கலாம், கையை இறக்கும்மா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். அவள் இறக்கவில்லை. இன்னும் உயரத் தூக்கினாள். எதிர்க்கட்சி வரிசையில் மூத்த டிரைவர், எல்லோரும் 'ஹாரன்' என்று கூப்பிடுகிற மனிதர், அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அர்த்தம் புரிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஹாரன் அண்ணே, வெளிநடப்பு!" என்று அவள் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

"கொஞ்சம் இரும்மா. அடுத்து டிரைவர் ரூம் விஷயத்துக்கு வரப்போறாரு."

"அண்ணே, இது ஒத்திகைண்ணே!"

"அதனாலதான் சொல்றேன். நிஜத்துல எவன் நம்மளப் பத்திப் பேசுறான்? எழுந்திருக்கமாட்டேன், போ."

எதிர்க்கட்சி ஒருமனதாக உட்கார்ந்தே இருந்தது. அவ்வளவு ஆதரவான எதிர்க்கட்சியை நான் எப்படி ஏமாற்றுவது? டிரைவர்கள் ஓய்வறைக்கு மின்விசிறி அறிவித்தேன். ஹாரன் விசிலடித்தார்.

வெளியே என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒத்திகையின் முடிவைப் பார்க்க, உங்கள் மனைவிக்கு மேலதிகாரியான மன்றச் செயலாளர் வந்திருக்கிறார். நாட்டுத் தலைவர் உரையாற்றும்போது யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பது விதி. பெரிய கதவில் நிற்கும் காவலருக்குப் பெயரே 'பூட்டு'. செயலாளர் சொல்லியிருக்கிறார்: "நான்தான்யா. கதவைத் திற."

"தலைவர் பேசிட்டிருக்காருங்கய்யா."

"எந்தத் தலைவர்? உள்ள இருக்கிறது அந்தப் பொண்ணோட அப்பன்!"

"இன்னிக்கு அவருதாங்கய்யா."

செயலாளர் கதவுக்கு வெளியே நின்றார். படியில் வாத்தியக்காரர்கள் ஊதுகுழலை வாயில் வைத்தபடி நின்றார்கள். ஒருவருக்கு உதடு மரத்துப்போய்விட்டதாம். நான் நிறுத்தியபோது இரண்டு பீரியட் முடிந்து மூன்றாவது தொடங்கியிருந்தது. கதவு திறந்ததும் செயலாளர் உள்ளே வந்து, என்னைப் பார்க்கக்கூட இல்லை, உங்கள் மனைவியைப் பார்த்து, "விழாவுக்கு வேற ஆள் முன்னால நடப்பாங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று தொடங்கியதுதான் இந்தப் பேசாமை.

நியாயமான கோபம். நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் காலையிலேயே அது சரியாகிவிட்டது, மாப்பிள்ளை. செயலாளருக்கு ராத்திரி கழிந்து வேறு யோசனை வந்திருக்கிறது. "எனக்கே கதவைத் திறக்கலைன்னா, அந்தப் பொண்ணு சொல்லிக்கொடுத்தது ஒழுங்காத்தான் இருக்கு" என்று சொல்லி, வெள்ளிக்கோலைத் திரும்ப அவளிடமே கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, அவளுடைய அப்பா அந்த வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மிக நல்ல நிபந்தனை. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

இன்று விழா நடந்தது. உங்கள் அத்தை உள்ளே போய்ப் பார்த்தாள். நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். வெண்ணிறக் கையுறை போட்டுக்கொண்டு, அந்தக் கோலை நேராகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் நடந்தாள். பின்னால் சபாநாயகர், அவருக்குப் பின்னால் நாட்டுத் தலைவர், எல்லோரும் என் மகள் வைக்கிற அடிக்கு அடி வைத்து வந்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டேன், யாரும் சொல்லாமலே. உரை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. எதிர்க்கட்சி சொன்ன நேரத்தில் வெளிநடப்பு செய்தது. எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆக, போனது திரும்ப வந்துவிட்டது, விழாவும் நன்றாக முடிந்தது. இருந்தும் சாயங்காலம் வந்தவள், "அம்மா, அப்பா சாப்பிட்டாச்சான்னு கேளு" என்றுதான் சொன்னாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். காரணம் இன்னும் அந்த இரண்டு பீரியட்தான், கூட்டத்தில் அவமானப்படுத்திவிட்டேன் என்ற வருத்தம்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் அத்தையிடம் கேட்டால், "உங்களுக்கா தெரியாது? முகத்தைப் பார்த்தே குறையை வாசிக்கிறவராச்சே" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போய்விட்டாள்.

எனவே மாப்பிள்ளை, நீங்கள் எனக்காக நாலு வார்த்தை பரிந்து எழுத வேண்டும். அப்பா இனி பொது இடத்தில் வாயைத் திறக்க மாட்டார், எந்த உதாரணமும் சொல்ல மாட்டார், மைக்கைக் கண்டால் எதிர்த்திசையில் நடப்பார் என்று என் சார்பில் உறுதி கொடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் நிற்க வேண்டாம், வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் கட்டுகிற பாலத்தின்மேல் காலாகாலத்துக்கும் பத்திரமாக ஜனங்கள் நடக்கட்டும், அந்தப் புண்ணியம் உங்கள் இருவருக்கும் சேரட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் தவறு. தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

கடிதத்தை மடித்து உறையில் போடுகிறபோது அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். உங்கள் அத்தையைக் கூப்பிடாமல் நேராக என்னிடமே பேசினாள்.

"கேன்டீன் அக்காவுக்கு ஸ்டூல் குடுத்தீங்க."

"அது சும்மா பேச்சுக்கும்மா."

"அவங்க நம்பிட்டாங்க. ஹாரன் அண்ணன் ஃபேன் மாட்டறதுக்கு இடம்கூடப் பார்த்து வச்சிருக்காரு. நானும் அங்கதான் நின்னேன். ஒவ்வொரு மூஞ்சியா பார்த்து ஒவ்வொண்ணா அறிவிச்சீங்க. என் மூஞ்சியப் பார்த்து எனக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

மாப்பிள்ளை, நான்கு நாளும் இதுதானாம். ஊர்வலமும் காரணம் இல்லை, செயலாளரும் காரணம் இல்லை.

"இப்பக் கேக்கறேன், சொல்லும்மா" என்றேன். விழாவில் போட்டிருந்த கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். பிறகு சொன்னாள்.

"இன்னிக்கு பார்வையாளர் மாடத்துல நம்ம வீட்டு ஆளுங்களுக்கு ரெண்டு நாற்காலி போட்டிருந்தாங்க. ஒண்ணுல அம்மா. நடக்கும்போது காலியா இருந்த இன்னொண்ணைப் பார்க்கக் கூடாதுன்னு நேராவே பார்த்துட்டுப் போனேன்."

அது எனக்குப் போட்ட நாற்காலி என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டுவிட்டேன். பிறகுதான் எனக்கு அங்கே அனுமதி கிடையாது என்பது ஞாபகம் வந்தது. அது உங்களுக்குப் போட்டது, மாப்பிள்ளை.

ஆகவே எனக்காகப் பரிந்து எழுத வேண்டாம். அதற்குச் செலவாகிற நேரத்தில் உங்கள் மேலதிகாரிக்கு விடுமுறை கேட்டு எழுதுங்கள். நீங்கள் வருவதாக என் அரசு அவளிடம் அறிவித்துவிட்டது. அவள் சிரித்துவிட்டு, "பார்க்கலாம்" என்று எழுந்து போனாள். எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் சொல்கிற மாதிரியே சொன்னாள்.