நாலு விரல் நுழையாத காக்கி பேன்ட்

மதிப்பும் மரியாதையும் உடைய (இந்தக் கடிதம் முடியும்போது இரண்டில் ஒன்றாவது மிஞ்சுமா என்று சொல்ல முடியாத) மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், ஆறாம் நம்பர் பஸ் டிரைவர், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரார் பிள்ளைகளை எல்லாம் வெயிலில் ஓடவிட்டு, நீங்கள் மர நிழலில் நின்று விசில் ஊதியே ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். உங்களுக்கு என்ன குறை? குறை எல்லாம் இங்கே எனக்குத்தான். இன்று திங்கட்கிழமை. நாளை மறுநாள் பணிமனை டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்குள் இந்தக் கோபத்தை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறிவிடும் என்பதால் உங்கள் தலையில் இறக்குகிறேன்.

நடந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள். சொன்னவர் மறந்துவிடுவார், பட்டவன் மறக்க மாட்டான். நான்கு மாதத்துக்கு முன் அந்த டாக்டர் என்னை எடை பார்த்து, முட்டியைத் தட்டிப் பார்த்து, மூச்சை இழுத்து விடச் சொல்லிப் பார்த்து, "எடை குறையலைன்னா அடுத்த தடவை நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் ஸ்டியரிங் இல்லை. பணிமனை வாசலில் உள்ள விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வராத பஸ்ஸை வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மச்சான், எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இருபத்தாறு வருஷம். மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் அந்த வண்டி போடும் முனகல் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த சீட்டில் வேறொருவன் உட்கார்ந்து கியரைக் கரகரவென்று போடுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அந்த பயத்தில்தான் உங்களிடம் வந்தேன்.

நேராகவும் வரவில்லை. முதலில் என் கண்டக்டர் பேச்சைக் கேட்டேன். வாய் மூடாதவன் என்பதால் அவனுக்குப் பணிமனையில் ரேடியோ என்று பெயர். அவன்தான் சாப்பிடுவதற்கெல்லாம் கலோரி எண்ணும் ஆப் ஒன்றை என் போனில் ஏற்றிவிட்டான். ஒரு பிஸ்கட்டுக்கு எத்தனை, அரை பிஸ்கட்டுக்கு எத்தனை, டீயில் போட்டது அரைக் கரண்டி சர்க்கரையா முக்கால் கரண்டியா என்று சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்தக் கூட்டல் முடிவதற்குள் ஆஸ்பத்திரி நிறுத்தம் பின்னால் போய்விட்டது. இறங்க வேண்டிய பதினான்கு பேரும், அதில் கையில் கட்டுப் போட்ட ஒருவரும், என் பரம்பரையையே விசாரித்தார்கள். பகலெல்லாம் எண்ணி எண்ணிச் சாப்பிட்டவன் வீட்டுக்கு வந்ததும் எண்ணாமல் சாப்பிட்டேன். ஒரு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆபத்பாந்தவன் போல நீங்கள் வந்து இறங்கினீர்கள்.

வந்தவர் என்ன செய்தீர்கள்? போனை வாங்கி அந்த ஆப்பை அழித்தீர்கள். அது போகட்டும். கட்டிலுக்கு அடியில் இருந்த எடை மெஷினையும் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். "எண்ணுற புத்திதான் உங்களைக் கெடுத்தது. இனிமே கலோரி இல்லை, கிலோ இல்லை. நாள் முழுக்கக் கூட வர்ற மாதிரி நாலு பழக்கம், அது போதும்" என்றீர்கள். தட்டில் பாதி காய்கறி. மெதுவாக மெல்லுவது. வயிறு நிரம்புவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்துவிடுவது. எப்போது ஓய்வு கிடைத்தாலும் நடப்பது. சரி, குறைகிறதா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். என் காக்கி பேன்ட்டைக் காட்டினீர்கள். திங்கட்கிழமை காலையில், துவைத்துத் தேய்த்த பேன்ட்டை மாட்டிக் கொக்கியைப் போட்டு, வயிற்றுக்கும் துணிக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் நுழைகிற இடத்தில் நான்கு விரல் நுழைந்தால் டாக்டர் கையெழுத்து நிச்சயம். வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம், தினமும் பார்த்தால் அதுவும் எண்ணுவதுதான் என்று ஒரு சட்டம். பெல்ட் போடக் கூடாது, அதில் ஓட்டை எண்ணுவேன் என்று இன்னொரு சட்டம். இதற்கெல்லாம் மேலாக என் காதோடு ஒன்று சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "இந்த பேன்ட் விஷயம் தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம். அவ கழுத்துல எப்பவும் இன்ச் டேப் தொங்குது. பொழுதன்னைக்கும் உங்க இடுப்பை அளந்துக்கிட்டே இருப்பா." தையல்காரியைக் கட்டிக்கொண்டவன் நான், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வாயைத் திறக்கவில்லை.

இனி என் பாட்டைக் கேளுங்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொல்லி ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்லச் சொன்னீர்களே, எண்ணக் கூடாது என்று சொன்ன வாயாலேயே முப்பது என்றீர்களே, முப்பது என்ன காய்கறியின் பெயரா? பணிமனை கேன்டீனில் எனக்குக் கிடைப்பது இருபது நிமிஷம். நான் பாதித் தட்டில் இருக்கும்போது கூட உட்கார்ந்தவர்கள் கை கழுவி, பல் குத்தி, அரசியல் பேசி முடித்து, "அண்ணனுக்குப் பல்லுல ஏதோ கோளாறு" என்று பரிதாபப்பட்டுவிட்டு எழுந்து போனார்கள். கேன்டீன்காரர் ஒரு வாரம் பார்த்துவிட்டு எனக்கென்று எல்லாவற்றையும் குழைய வேகவைத்துக் கொண்டுவந்தார். அதையும் மென்றேன். தண்ணீரை மெல்லுகிறவன் மாதிரி உட்கார்ந்து மென்றேன். வண்டி நாலு நிமிஷம் தாமதம் என்று டைம்கீப்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

நடக்கச் சொன்னீர்கள். கடைசி நிறுத்தத்தில் வண்டி பன்னிரண்டு நிமிஷம் நிற்கும். வண்டியை விட்டுவிட்டு எங்கே போவது? வண்டியையே சுற்றினேன். முதல் நாள் நான்காவது சுற்றில் ஒரு பெரியவர் ஜன்னலில் தலையை நீட்டி "பஞ்சரா?" என்றார். இல்லை என்றேன். பஞ்சர் இல்லை என்று சொல்லிவிட்டு டிரைவரே மறுபடியும் சுற்றினால் யார் நம்புவார்கள்? அவர் இறங்கி என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு டயரையும் மிதித்துப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர். எதையாவது தொலைத்துவிட்டேன் என்று நினைத்து ஒரு அம்மா குனிந்து தேடிக்கொண்டே வந்தார். ரேடியோ சும்மா இருப்பானா? வண்டியில் என்னமோ சத்தமாம் என்று பணிமனைக்குப் போன் போட்டுவிட்டான். மெக்கானிக் வந்தபோது நாங்கள் பதினோரு பேர் ஆறாம் நம்பர் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் மேலதிகாரிக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். விளக்கம் என்ன, மன்னிப்புதான்.

இவ்வளவு கேவலமும் பொறுத்துக்கொள்வேன், பலன் இருந்தால். பதின்மூன்று திங்கட்கிழமை பார்த்துவிட்டேன். முதல் திங்கட்கிழமை இரண்டு விரல். இன்று காலையும் இரண்டு விரல். நடுவில் ஒரு வாரம் ஒன்றரை. மூன்று மாதம் மென்று, நடந்து, அரை வயிற்றோடு எழுந்து வந்தவனுக்கு ஒரு நகக்கண் அளவுகூட அந்த பேன்ட் இரங்கவில்லை. இதில் உங்கள் பக்கம் பேச நாலு பேர் கிளம்பியிருக்கிறார்கள். ஸ்டியரிங் இப்போது வயிற்றில் உரசுவதில்லையே என்கிறான் ரேடியோ. மெக்கானிக் சீட்டைப் பின்னால் தள்ளியிருப்பான், அதற்கு நான் என்ன செய்ய? மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறேனாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கோபத்தில் ஏறுகிறவனுக்கு எங்கே மூச்சு வாங்கும்? குறட்டை நின்றுவிட்டது என்கிறாள் உங்கள் தங்கை. இந்தக் கவலையில் தூங்கினால்தானே குறட்டை விட. போன வாரம் ரேடியோ என் முகத்தைப் பார்த்து, "அண்ணே, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டான். குண்டனைப் பார்த்து இப்படிக் குத்திக் காட்டுகிறானே என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஊர் பார்க்க என்னை சீட்டிலிருந்து இறக்கிவிடும் முன் நானே இறங்கிவிடுவது என்று, உடல்நிலை காரணமாக விசாரணை ஜன்னலுக்குப் போகச் சம்மதம் என்று விண்ணப்பம் எழுதி இன்று மதியம் மேலாளர் மேஜையில் வைத்துவிட்டேன். இருபத்தாறு வருஷ ஸ்டியரிங்கை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது. உங்கள் நாலு பழக்கத்தையும் இன்றோடு தலை முழுகினேன். சாயங்காலம் கடைசி நிறுத்தத்தில் சீட்டை விட்டு எழுவதில்லை என்று சபதம் செய்துகொண்டு உட்கார்ந்தேன். நினைவு வந்து பார்த்தால் மூன்றாவது சுற்றில் இருக்கிறேன். வேகமாகச் சாப்பிடலாம் என்று பார்த்தால் தொண்டை வாங்க மாட்டேன் என்கிறது. என் காலையும் வாயையும்கூட என் பேச்சைக் கேட்காமல் செய்துவிட்டீர்கள். அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். உங்கள் தங்கை வருவாள். நான் வரமாட்டேன். எடை மெஷினை அவளிடம் கொடுத்தனுப்பவும்.

அக்காவுக்கு என் வணக்கம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, உங்களோடு குடும்பம் நடத்துகிற கஷ்டமே அவர்களுக்குப் போதும். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, அப்பாவின் யோசனை எதையும் கேட்காமல், நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு விரல் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. தபாலில் போட மறந்து இந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. காலையில் டாக்டரைப் பார்க்கப் போகும் வழியில் மெக்கானிக் கழிவு எண்ணெய் டப்பாவைத் தட்டி என் பேன்ட் முழுக்கக் கொட்டிவிட்டான். லாக்கரில் மாற்று பேன்ட் ஒன்று நான்கு மாதமாகக் கிடந்தது. மாட்டிக் கொக்கியைப் போட்டேன். இடுப்பில் நிற்கவில்லை. எவனுடைய பேன்ட்டோ என்று உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், உங்கள் தங்கை சிவப்பு நூலில் போட்ட என் பணி எண். இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். டாக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். முடியாது என்றேன். தோளில் வலியா என்று கேட்டு எதையோ எழுதப் போனார். தோளில் வலி என்று எழுதினால் அதற்கும் ஸ்டியரிங் போய்விடும். வேறு வழியில்லாமல் தூக்கினேன். பேன்ட் கணுக்காலுக்குப் போய்விட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார், எடை பார்த்தார். பதினோரு கிலோ குறைந்திருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு கையில் பேன்ட்டோடு மேலாளர் அறைக்கு ஓடினேன். என் விண்ணப்பத்துக்கு மேல் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். இன்னொரு கையால் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் கேட்டேன். தையல் மெஷினை விட்டுத் தலைகூட நிமிராமல் சொன்னாள்: "ஆமா, நீங்க போட்டுக்கிட்டுப் போறப்ப பார்ப்பேன், பின்னால பை மாதிரி தொங்கும். வாரா வாரம் தேய்க்கும்போது கொஞ்சம் கொஞ்சமா இடுப்புல பிடிச்சுத் தைச்சேன். தையல்காரி புருஷன் தொளதொளன்னு பேன்ட் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் பஸ் ஓட்டினா, நாளைக்கு யாரு என்கிட்ட துணி தைக்கக் குடுப்பா?" ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "துணியைத் துவைச்சதையெல்லாம் உங்ககிட்ட சொல்லிக்கிட்டா இருக்கேன்?" என்றாள். அவளிடம் சொல்லாதே என்று என் காதில் ஓதியது யார் மச்சான்? ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரிகூட உண்மையில்லை என்றாலும் கோபம் மட்டும் அப்படியே நிற்கிறது. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் எழுத மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுத்த மாதம் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். எடை மெஷின் உங்களிடமே இருக்கட்டும். அதற்கு முன் நீங்கள் உடனே ஒரு நடை இங்கே வந்து தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். லாக்கர் பேன்ட்டை ஒரு சாட்சியாக இருக்கட்டும் என்று நாற்காலியில் மடித்து வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அதைக் காணவில்லை. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது.