கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சீதன வீடு

சாய்ந்தமருது,
ஹிஜ்ரி 1374, ஷஃபான் பிறை 10.

பதுளையில் கடை நடத்திவரும் என் அன்பு மச்சான் முகைதீன்பாவா அவர்களுக்கு, உங்கள் தங்கை றாபியாவின் கணவன் கச்சிமுகம்மது லெப்பை நிறைந்த ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். அங்கே மலைக்குளிரில் உங்கள் மூட்டுவலி தணிந்திருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன்.

என் மகள், உங்கள் மருமகள் ஸம்ஸியாவுக்கு அக்கரைப்பற்றிலிருந்து சம்பந்தம் வந்திருப்பதை அறிவீர்கள். மாப்பிள்ளை அதாவுல்லா பள்ளிக்கூட வாத்தியார், தொழுகையாளி, அதிகம் பேசாதவர். மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ வருவது நம் வழமையாதலால், வீட்டைப் பார்த்த பிறகுதான் பேச்சு முடிவாகும். போன வருடம் ஒரு நல்ல இடம், சீமெந்துத் தரை இல்லை என்ற ஒரே காரணத்தால் கைநழுவிப் போயிற்று. அதன்பின் பிள்ளை மூன்று மாதம் எவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இதுவும் தவறினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற அச்சமே கீழே வரும் கூத்துகள் அனைத்துக்கும் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று பெண்வீட்டார் வாய்திறந்து கேட்பது நம்மில் மரியாதையன்று. கேளாமலே அறிந்துகொள்ள வேண்டும். அதற்காக றாபியா, பாய் விற்கும் உம்முவை அக்கரைப்பற்றுக்கு அனுப்பினாள். உம்மு அவர்கள் வீட்டு வளவில் ஒரு பாயை விரித்துக் காட்டிக்கொண்டே கொடியில் கிடந்த உடுப்புகளைக் கண்ணால் அளந்து வந்தாள். "மூணு சாரன் காயுது ராத்தா. மூணும் கத்தரிப்பூ நிறம். அந்த மனிசனுக்கு வேற நிறமே கண்ணில படாது போல" என்றாள். ஒருவர் மூன்று சாரனை ஒரே நிறத்தில் உடுத்தினால் அது ஆசையைத் தாண்டிய கொள்கை என்று றாபியா தீர்ப்பளித்தாள். நான் ஓதிய மார்க்கக் கிதாபுகளைப் புரட்டினேன். வெள்ளைக்குச் சிறப்புக் கண்டேன், பச்சைக்கு மதிப்புக் கண்டேன்; ஊதாவைப் பற்றி ஏவலும் இல்லை, விலக்கலும் இல்லை. விலக்கப்படாதது அனுமதிக்கப்பட்டதே என்பது சட்டம். பழம்புலவர்கள் காயாம்பூவையும் கருவிளையையும் பாடிய அளவுக்குக் கத்தரிப்பூவைப் பாடவில்லையே என்ற சிறு குறை மட்டும் மனத்தில் நின்றது. ஆயினும் மரவேலை செய்யும் ஓடாவி அமிர்தலிங்கத்தை அழைத்துக் கட்டில், அலுமாரி, ஆறு கதிரை, கதவு, சன்னல் யாவற்றையும் அந்நிறத்தில் ஆக்கித் தரும்படி கேட்டுக்கொண்டேன்.

கல்முனைக் கடைகளில் அந்த நிறத்தில் பெயின்ட் இல்லை. "நீலத்தோட சிவப்பக் கலந்தா வந்திரும் லெப்பையார், யோசியாதீங்க" என்றார் அமிர்தலிங்கம். வந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறொன்றாக வந்தது. கட்டில் ஆட்டீரல் நிறம், அலுமாரி நாவற்பழம், கதிரைகளோ விழுந்தடிபட்டவன் முழங்காலைப் போல. இதைக் காட்டியபோது, "கத்தரிச் செடியில எல்லாப் பூவும் ஒரே மாதிரியா பூக்குது?" என்று என்னையே கேட்டார். மருதமுனைத் தறியில் நெய்வித்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டதும் அறைக்குள் வரும் வெயிலும் ஊதாவாயிற்று, தட்டில் போட்ட சோறும் ஊதாவாயிற்று. வாசற்கதவு காயுமுன் நம் வெள்ளாடு அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போய்விட, மாலையில் அது வீடு திரும்பியபோது யாருடைய ஆடோ என்று றாபியா அதைத் தடியெடுத்து விரட்டிவிட்டாள். அதைத் தேடிப் பிடித்து, நம்முடையதுதான் என்று அவளை நம்பவைக்க மஃரிப் தொழுகை நேரமாகிவிட்டது. என் நிலை அதனினும் கீழானது. ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் செருப்பு மாட்டுவதற்காக ஒரு கதிரையில் சற்றே அமர்ந்தேன். பள்ளியில் முதல் வரிசையில் நின்று தொழுதேன். நெற்றி நிலத்தில் பட ஸுஜூதுக்குக் குனிந்த போதெல்லாம் எனக்குப் பின்வரிசையில் இருமல் அதிகமாக இருந்தது. தொழுகை முடிந்ததும் என்னிலும் இளையவர் ஒருவர் காதருகே வந்து, "காக்கா, பின்னால கத்தரி பூத்திரிக்கி" என்றார். சால்வையைப் பின்பக்கம் தொங்கவிட்டபடி வீடு சேர்ந்தேன்.

நேற்று முன்தினம் மாப்பிள்ளையின் தாயார் சித்தி லைலா ஐந்து பெண்களுடன் வீடு பார்க்க வந்தார். பெண்கள் கூடிய இடத்தில் எனக்கு வேலையில்லை. குசினி வேலிக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்பது குற்றம் என்றறிவேன், தவ்பாச் செய்துவிட்டேன். றாபியா பின்னர் சொன்னபடி, அந்த அம்மையார் கட்டிலைத் தொட்டார், அலுமாரியைத் திறந்தார், மூடினார். கடைசியில் கேட்டார்:

"என்னகா மச்சி, கத்தரித் தோட்டத்துக்குள்ள வந்த மாதிரி இரிக்கி. உங்கட மகளுக்கு இந்த நிறத்தில அவ்வளவு ஆசையா?"

"இல்ல மச்சி, உங்கட மகனுக்கு" என்றாள் றாபியா.

"அவனுக்கா? ஆரு சொன்ன?"

வேறு வழியின்றி றாபியா சாரன் கதையைச் சொன்னாள். சித்தி லைலா கதிரையில் உட்கார்ந்தார். அல்ஹம்துலில்லாஹ், அதற்குள் அது காய்ந்திருந்தது.

"அதில ஒண்டுதான்கா அந்த நிறம். புதுச் சாரன். மற்ற ரெண்டும் வெள்ள. நான்தான் ஒண்டாப் போட்டு ஊறவெச்சன். சாயம் போய் ரெண்டும் நாசம். அவன் ரெண்டு நாள் என்னோட கதைக்கயுமில்ல."

நான் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. சித்தி லைலாதான், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"எங்கட புள்ளைக்காக ஒரு வீட்டையே சாயத்தில முக்கி எடுத்திரிக்கீங்க. இதுக்கு மேல என்னத்தப் பாக்கிற மச்சி? பெருநாளுக்குப் பொறகு வாற மாதிரி நாளக் குறிப்பம்."

மச்சான், ஷவ்வால் பிறை 12 என்று நாள் குறித்தாயிற்று. இனி அரைகுறையாக விடாமல் நிறைவாகச் செய்வதே அழகு. சன்னல்களில் பாதி இன்னும் பழைய நிறத்தில் நிற்பதால், பதுளைக் கடைகளில் அசல் ஊதாப் பெயின்ட் இரண்டு டின்னும், அதே நிறத்தில் ஒரு கட்டில் விரிப்பும் வாங்கிக் கலியாணத்துக்கு வரும்போது கொண்டுவர வேண்டுகிறேன். இந்தப் பெரிய வீடு சீதனமாகப் பிள்ளைக்குப் போவதால், நானும் றாபியாவும் பின்வளவில் கட்டியுள்ள சிறுவீட்டுக்குப் போய்விடுவோம். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர், ஒரு பாய், என் கிதாபுகள். இந்தக் கண்களுக்கு அந்த வெள்ளையே அல்லாஹ் தந்த பெரும் நிஃமத்து. ஊதா, வாழப்போகிற பிள்ளைகளுக்கு. அவர்கள் அதில் நூறாண்டு வாழட்டும்.

உங்கள் தொழிலில் பறக்கத்தும், உங்கள் வீட்டாருக்கு உடல்நலமும் ஆபியத்தும் பெருக வல்ல நாயனை இறைஞ்சும்,
க. கச்சிமுகம்மது லெப்பை.

பிற்குறிப்பு: இக்கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். மகன் சொல்லியனுப்பிய சேதி இது: "மாமாவையும் மாமியையும் பின்வளவுக்கு அனுப்பிப்போட்டு நாங்க பெரிய வீட்டில இரிக்கிற முறையில்ல. அந்தச் சின்ன வீடு எங்களுக்குப் போதும்." நான் மறுக்க வாயெடுக்குமுன் கதவுக்குப் பின்னாலிருந்து ஸம்ஸியா, "ஓம் வாப்பா, அதுதான் சரி" என்றாள். அத்தனை விரைவாக அவள் எனக்கு மறுமொழி சொன்னதே கிடையாது. பிறகு உள்ளே போய் உம்மாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடமாயிற்று, நான் என்ன சொல்ல முடியும்? றாபியா அலுமாரியில் தன் உடுப்புகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அந்த நிறம் பிடித்துவிட்டதாம். ஆகவே மச்சான், மேலே கேட்ட ஊதா ஒன்றும் வேண்டாம். வெள்ளைப் பெயின்ட் ஆறு டின், உங்கள் தங்கைக்குத் தெரியாமல் கொண்டுவாருங்கள். தொழுகையில் கண்ணை மூடுவது மக்றூஹ், வெறுக்கத்தக்கது என்று முப்பது வருடமாக ஊருக்குச் சொல்லிவருகிறவன் நான். இன்றைய அஸரைப் பெரிய வீட்டில், அத்தனை ஊதாவுக்கும் நடுவே, கண்ணைத் திறந்துகொண்டே தொழுதேன்.