ஏழு வயதில் நான் செய்த குற்றம்

என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. போலீஸ் தேடவில்லை. நானாகவே கோத்தகிரி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு நடந்துபோய், டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்திருந்து, ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு வந்தேன். முட்டாள்தனத்துக்கு விசா கொடுப்பதாக இருந்தால் எனக்கு அன்றைக்கு மதியமே கிடைத்திருக்கும்.

நான் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று எதுவானாலும் ஃபாரம் நிரப்ப தோட்டத்து லைன்வீட்டு ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள். (நான் நிரப்பியதில் பாதி திரும்பி வரும். மறுபடி நிரப்புவேன். அதனால்தான் எப்போதும் என்னைச் சுற்றிக் கூட்டம்.)

அப்போது எங்கள் ஒரே மகள் நிவேதா கனடாவில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. "அம்மா பக்கத்துல இல்லாம நான் பெத்துக்க மாட்டேன்" என்று போனில் அழுதாள். என் மனைவி புஷ்பம் அன்றைக்கே பிரசவ மருந்து இடிக்க ஆரம்பித்துவிட்டாள். இனி விசா ஒன்றுதான் பாக்கி. அதாவது ஃபாரம். அதாவது நான்.

பிரவுசிங் சென்டரில் டைப் அடிக்கும் ஷகிலா படபடவென்று போய்க்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி வந்தது. எந்த நாட்டிலிருந்தாவது வெளியேறும்படி உங்களுக்கு உத்தரவிடப்பட்டது உண்டா?

"இல்லைன்னு போட்டுரட்டுங்களாண்ணா? எல்லாரும் இல்லைதான் போடுவாங்க."

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் நான் சிலோனுக்குப் போய்விட்டேன். எனக்கு ஏழு வயது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வாசலில் அப்பா ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்தியாவும் சிலோனும் சேர்ந்து போட்ட ஒப்பந்தப்படி நாங்கள் இந்தியப் பிரஜைகள். ஆகவே இன்ன தேதிக்குள் கிளம்ப வேண்டும். அம்மா அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். தலைமன்னாரில் கப்பல். இந்தப் பக்கம் சுங்கத்தில் ஒருவர் மூட்டையைப் பிரித்துக் குழவியைப் பார்த்து, "இந்தியாவுல கல்லு கிடைக்காதாம்மா?" என்று சிரித்தார். பிறகு மண்டபம் முகாம், ரயில், லாரி. விடிந்து பார்த்தால் மலை, பனி, கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. அம்மா லாரியிலிருந்து இறங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அங்கயும் இதேதான இருந்துச்சு. இதுக்கு எதுக்குக் கப்பலு?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த ஆபீஸிலிருந்தும் பதில் வரவில்லை.

"ஷகிலா, ஆம்னு போடு."

அவள் நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னண்ணா பண்ணுனீங்க?"

விவரம் எழுதக் கொடுத்திருந்த கட்டம் தீப்பெட்டி அளவுகூட இல்லை. நான் வெள்ளைத்தாள் வாங்கி, 'பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' ரக ஆபீஸ் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதி, ஸ்கேன் பண்ணி இணைத்தேன். கப்பல், குழவி, பனி எல்லாம் அதில் உண்டு. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'என் வருங்கால மனைவியும் ஐந்து வயதில் அதே கப்பலில்தான் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்.' (கதைக்கு ஒரு சுவை வேண்டாமா?)

மறுநாள் எனக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. புஷ்பம் தனியாகப் போய் அவள் ஃபாரத்தை முடித்துவிட்டு வந்தாள். அதே கேள்வி வந்ததும், "இல்ல" என்றிருக்கிறாள்.

"அண்ணா ஆம்னு போட்டாருங்களே அக்கா" என்றாளாம் ஷகிலா.

"அவரு ஏதாச்சும் பண்ணியிருப்பாரு. எனக்கென்னம்மா தெரியும்?"

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது, புஷ்பத்தின் பெயருக்கு. நீங்கள் 'இல்லை' என்கிறீர்கள். நீங்களும் அதே கப்பலில் வெளியேற்றப்பட்டதாக உங்கள் கணவர் எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறார். விளக்கம் தரவும். பொய்த் தகவல் என்று முடிவானால் சில வருஷங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

கட்டின மனைவியை நானே காட்டிக்கொடுத்திருந்தேன். ஸ்கேன் பண்ணி.

"என்னைய யாருங்க போகச் சொன்னா?" என்றாள் புஷ்பம். இடித்த மருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கப்பா திருவிழாவுக்குப் போறோம்னு சொன்னாரு. புதுப் பாவாடை தைச்சுக் குடுத்தாரு. நான் வந்தேன்."

நிவேதா போனில் கத்தினாள். "ஏம்ப்பா, ஏழு வயசுல நீங்க என்ன பேங்க்கா கொள்ளையடிச்சீங்க? கேட்டது ஆமாவா இல்லையா. அவ்வளவுதான!"

அத்தாட்சி வேண்டுமே. புஷ்பத்தின் அண்ணன் வீட்டுப் பெட்டியிலிருந்து மாமனாரின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துவந்தோம். குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே பாஸ்போர்ட், ஒரே போட்டோ. ஓரத்தில் ஒரு வாண்டு, கேமராக்காரனைக் கடிக்கப்போகிற மாதிரி முறைத்துக்கொண்டு. "இப்பவும் இதே முறைப்புதான்" என்றேன். முறைத்தாள்.

உள்ளே மடித்து வைத்திருந்த ஆங்கிலக் காகிதம் ஒன்று கீழே விழுந்தது. எங்கள் அப்பாவுக்கு வந்த அதே உத்தரவு. வாசித்துச் சொன்னேன். புஷ்பம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

"சாகுற வரைக்கும் சொல்லவே இல்லையே, அந்த மனுஷன்" என்றாள்.

நகல் எடுக்க நான் கை நீட்டியதும், பழைய மடிப்பு மாறாமல் மடித்துக் கொடுத்தாள்.

விளக்கக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தபோது ஷகிலா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கண்ணா. வேற எதுவும் போடாதீங்க." ஆறே வரியில் முடித்தாள். இருவரும் சிறுபிள்ளைகள், ஒப்பந்தப்படி பெற்றோருடன் வந்தவர்கள், ஒருவருக்கு விஷயம் தெரியும், ஒருவருக்குத் தெரியாது, நகல்கள் இணைப்பு.

விசா வந்தது. இரண்டு பேருக்கும் வந்தது. ஆனால் நாங்கள் போய் இறங்கியபோது பேத்திக்கு வயது பதினோரு நாள். பிரசவ அறையில் நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள். அவருக்கும் இவளுக்கும் பொதுவாக ஒரு பாஷைகூடக் கிடையாதாம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது என்னிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, உள்ளேயிருந்து புஷ்பத்தின் குரல் வரும்: "மணியை மட்டும் சொல்லுங்க. தாள் இணைக்க வேணாம்." லைன்வீட்டுச் சின்னப்பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம்.

நிவேதா மட்டும் இதற்குச் சிரிக்க மாட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். விளக்கம் அனுப்பிய சமயத்தில் நான் முதலில் எழுதிய நான்கு பக்கத்தையும் அவளும் படித்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு, லேட்டானதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"லேட்டானது கெடக்கட்டும்" என்றாள். "முன்னப்பின்ன தெரியாத கனடாக்காரனுக்கு எல்லாத்தையும் எழுதுறீங்க. பெத்த பொண்ணுகிட்ட ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களாப்பா?"